முப்பத்தைந்து பேரை விழுங்கிய வரி

“இதை எழுதினவன் என் வகுப்புல இருந்திருந்தா, மூணு தடவை ஃபெயில் பண்ணியிருப்பேன்” என்றார் டீச்சர்.

காரின் பின் சீட்டில் இருந்த பெண்ணுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. பதினோரு நாளாக யார் பேசியதும் அவளுக்கு ஆறுதலாகப் படவில்லை. அட்டைப்பெட்டி ஆலையில் அவள் பேக்கிங் பிரிவு. அவளுடைய அண்ணன் அட்டை வெட்டும் மிஷினில் நின்றவன். அந்த மிஷின்தான் அவனை இழுத்துக்கொண்டது. ‘இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவே காரணம்’ என்று முடியும் விசாரணை அறிக்கையின் நகல் ஒன்றை, கூடப் பிறந்தவள் என்ற முறையில் அவளிடம் கொடுத்திருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு விசாரணை அதிகாரி கையெழுத்துப் போடுவார். நாலேகாலுக்கு மிஷின் மறுபடி ஓடும். வேறொருவன் அதன் முன்னால் நிற்பான்.

இப்போது மணி ஒன்றே முக்கால்.

டீச்சர் துப்பறிய வந்தது ஐம்பது வயதுக்கு மேல். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்தினார். விடைத்தாள் திருத்தித் திருத்தி மனித குலத்தைப் பற்றி அவருக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டாகியிருந்தது. நல்ல அபிப்பிராயம் இல்லை. காரை ஓட்டியவர் அவருடைய சித்தி மகன், உதவியாளர், நாற்பத்திரண்டு வயது. நிறுத்துவதற்குப் பட்டன் கிடையாது என்பதால் ஊரே அவரை ரேடியோ என்றுதான் கூப்பிட்டது.

“அப்படி என்னக்கா எழுதியிருக்கான்? காதல் கடிதமா?”

“அதுவா இருந்தா மன்னிச்சிருக்கலாம். ஒன்பது வரி பைத்தான் புரோகிராம். அறிக்கையோட கடைசிப் பக்கத்துல ஒட்டியிருக்கான். ‘வெளிப்படைத்தன்மைக்காக இணைக்கப்பட்டுள்ளது’ன்னு மேல தலைப்பு வேற. யாரும் படிக்கப் போறதில்லைங்கற தைரியம்.”

விஷயம் இதுதான். விபத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் பயப்படாமல் சொல்லட்டும் என்று ஆலையில் கேன்டீன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். தொழிலாளிகள் ஆளுக்கொரு டோக்கன் வாங்கி, தங்கள் சாட்சியத்தை எழுதி, டோக்கன் எண்ணையே பெயராக வைத்து உள்ளே போட வேண்டும். போட்டால் போட்டதுதான். திரும்ப எடுக்கவோ பார்க்கவோ முடியாத பூட்டிய பெட்டி அது. கூடவே ஒரு நோட்டீஸ்: சாட்சியத்தை ஃபைலாக மட்டுமே போட வேண்டும், ஃபோல்டராகப் போட்டால் செல்லாது.

கடைசி நாளன்று ஆலையின் கணினிக்காரர் பெட்டியைப் பட்டியல் போட்டார். உள்ளே நாற்பது உருப்படி. அதில் ஃபைல் ஐந்துதான், மீதி முப்பத்தைந்தும் ஃபோல்டர் என்று அவர் எழுதிய நிரல் சொல்லிவிட்டது. முப்பத்தைந்தும் தள்ளுபடி. தேறிய ஐந்து சாட்சியங்களும் ஒரே குரலில் அண்ணன் அவசரக்காரன் என்றன.

“நான் போட்டது ஃபைல்தான் மேடம். அது எனக்கு நல்லாத் தெரியும். மத்தவங்க பேருக்கு ஒரு காலி ஃபோல்டரைப் போட்டுட்டு நழுவிட்டாங்கன்னுதான் நினைச்சேன்” என்றாள் தங்கை. “அண்ணன்கூட பன்னெண்டு வருஷம் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவங்க. ஒருத்தர்கூட வாயத் திறக்கலைன்னா என்ன ஜென்மங்க இதுங்கன்னு நினைச்சேன். இந்தப் பதினோரு நாள்ல நான் யார் முகத்தையும் ஏறிட்டுப் பாக்கலை.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரேடியோ, நீ ஒரு வாட்ச்மேன்னு வச்சுக்க. எதிர்த்த கட்டடத்துல நாப்பது பேர் இருக்காங்க. அதுல யாரு நிஜ ஆளு, யாரு கடைப் பொம்மைன்னு கண்டுபிடிக்கணும். முதல்ல அங்க போய் நாப்பது பேரோட பேரையும் எழுதிக்கிற. அப்புறம்?”

“அங்கயே ஒவ்வொருத்தரா தொட்டுப் பாப்பேன்.”

“நீ பரவாயில்லை. இந்த மேதாவி என்ன பண்றான் தெரியுமா? பேரை எழுதிக்கிட்டு நேரா தன் வீட்டுக்கு வந்துடறான். வந்து தன் வீட்டுக்குள்ள நின்னு ஒவ்வொரு பேரா கூப்பிடறான். பதில் வரலைன்னா பொம்மைன்னு எழுதிடறான்.”

ரேடியோ சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “நிஜமாவா?”

“லிஸ்ட்டிர்னு ஒரு கட்டளை. பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு பேரை மட்டும் குடுக்கும், விலாசம் குடுக்காது. அடுத்தது இஸ்ஃபைல். ‘இது ஃபைலா’ன்னு கேக்கற கட்டளை. அதுகிட்ட பேரோட பெட்டியோட விலாசத்தையும் சேத்துக் குடுக்கணும். ஜாயின்னு ஒரு வார்த்தை போட்டா வேலை முடிஞ்சுது. இவன் வெறும் பேரைக் குடுத்திருக்கான். விலாசம் இல்லைன்னா இஸ்ஃபைல் எங்க தேடும்? நிரல் எந்த ஃபோல்டர்ல நின்னு ஓடுதோ, அங்க தேடும். அங்க இல்லைன்னா ‘ஃபைல் இல்லை’ன்னு சொல்லும். இவன் அதை ‘அப்ப ஃபோல்டர்’னு எடுத்துக்கிட்டான். முதல் வருஷப் பசங்க பண்ற தப்பு. அவங்களாவது வெக்கப்படுவாங்க.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“அப்ப அந்த அஞ்சு பேர் மட்டும் எப்படி மேடம் வந்தாங்க?” என்று தங்கை கேட்டாள்.

டீச்சர் திரும்பி அவளைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பார்வை மொத்தம் நாலைந்து மாணவர்களுக்குத்தான் கிடைத்திருக்கும்.

“அதாம்மா கேள்வி. கூப்பிட்டதும் அவன் வீட்டுக்குள்ளேருந்து அஞ்சு பேர் ‘இருக்கோம்’னு சொல்லியிருக்காங்க. சாட்சி நாலு, பதினொண்ணு, பத்தொன்பது, இருபத்தாறு, நாப்பது. பெட்டிக்குள்ள போட்டதை யாரும் வெளிய எடுக்க முடியாது. அப்ப அதே பேர்ல அஞ்சு ஃபைல் வெளிய ஒரு கம்ப்யூட்டர்ல எப்படி இருக்கும்?”

“பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடியே அங்க இருந்திருக்கணும்” என்றாள் அவள் மெதுவாக.

“அங்கதான் எழுதியிருக்காங்க. அஞ்சு சாட்சி, ஒரே சமையல்கட்டு.”

“மேனேஜர் சமையல்கட்டு” என்றபடி ரேடியோ ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். “வேற எவன்?”

டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். அன்று அவர் செய்த ஒரே தப்பு அது.

*

மேனேஜரின் அறை முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருந்தபடி ஆலை முழுவதையும் பார்க்கலாம். அவர் பார்ப்பதாகத் தெரியவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, ஓய்வுபெற்ற நீதிபதி, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மூலையில் கணினிக்காரர். ஆலையில் எல்லோரும் அவரை சிஸ்டம் என்றே அழைத்தார்கள். அதை அவர் பட்டம்போல ஏற்றுக்கொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் இரண்டு போன்.

நான்காவது ஆள் தொழிலாளர் சங்கத் தலைவர். அறுபதை நெருங்கும் தணிந்த மனிதர். தங்கை உள்ளே வந்ததும் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார், தண்ணீர் ஊற்றினார். “சாப்பிட்டியாம்மா?” என்றார். அவள் “ம், மாமா” என்றாள். அவள் அப்பாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். அண்ணனின் பாடையைத் தூக்கிப்போன நால்வரில் முன்னால் நின்றவர்.

“துப்பறியும் நிபுணர்னு சொன்னாங்க” என்றார் மேனேஜர், டீச்சரின் கைத்தறிப் பையைப் பார்த்தபடி. “நான் வேற மாதிரி எதிர்பார்த்தேன்.”

“நானும்தான். மேனேஜர்னா வேலை செய்வார்னு நினைச்சேன்” என்றார் டீச்சர். “சார், முப்பத்தஞ்சு பேர் ஃபோல்டராப் போட்டாங்கன்னு அறிக்கையில இருக்கு. உங்களுக்கு அது விசித்திரமாத் தெரியலையா?”

பதில் சிஸ்டத்திடமிருந்து வந்தது. சின்னக் குழந்தைக்குச் சொல்வது போன்ற இனிப்பான குரல். “மேடம், இவங்க எல்லாம் லேபர். ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் வித்தியாசம் தெரியாது. நோட்டீஸ் ஒட்டினோம், படிக்கலை. நாம என்ன பண்ண முடியும்?”

தங்கையின் முகம் சிவந்தது. டீச்சர் அவள் தோளில் ஒரு விரலை வைத்தார்.

“வித்தியாசம் உங்களுக்கு நல்லாத் தெரியும்.”

“பைத்தான்லயே ஃபில்டர் பண்ணிட்டேன் மேடம். ஃபோல்டர் எல்லாம் தானா கழண்டுடும். நான் மூணு சர்ட்டிஃபிகேட் வாங்கியிருக்கேன்.”

“ஃபிரேம் போட்டுட்டீங்களா?” என்றார் ரேடியோ.

“இவங்களுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க” என்றார் டீச்சர். “மேனேஜர் சாரோட கம்ப்யூட்டர்லயே. இங்க வேணாம்னு யாராவது சொன்னா, ஏன்னு நான் கேப்பேன்.”

மேனேஜர் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்து இடம் விட்டார். அவர் அவ்வளவு சுலபமாக எழுந்தது டீச்சருக்கு உறுத்தியது. சிஸ்டம் உட்கார்ந்து, நிரலை மேனேஜரின் ஃபோல்டரில் வைத்து, பூட்டிய பெட்டியின் விலாசம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பியானோ கலைஞரைப் போலக் கையை உயர்த்தி என்டரைத் தட்டினார்.

திரையில் ஒன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினார். வெறும் கோடு மினுங்கியது.

“என்ன ஆச்சு?” என்றார் நீதிபதி.

“அந்த அஞ்சு பேரும் ஃபோல்டராயிட்டாங்க சார்” என்றார் ரேடியோ. “சீக்கிரம் வெளிய போயிடுவோம். நம்மளையும் ஃபோல்டர்னு சொல்லிடுவார்.”

சிஸ்டத்தின் நெற்றி வேர்த்துவிட்டது. ஆனால் ரேடியோ அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். டீச்சர் ஐந்து பெயர்களை எதிர்பார்த்திருந்தார். மேனேஜரின் சமையல்கட்டில் அடுப்பே எரியவில்லை. கண்ணாடி அறையில் கால்மேல் கால் போட்டு உட்காரும் ஆளைப் பார்த்த நிமிடமே இவன்தான் என்று முடிவு கட்டியது, தானே வாழ்நாள் முழுக்கத் திட்டிய அரைகுறை விடைதான் என்று அவருக்குப் புரிந்தது.

“மேனேஜர் சார், உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்” என்றார். “நீங்க அலட்சியக்காரர் மட்டும்தான்.”

பிறகு பெட்டிக்கும் வாட்ச்மேனுக்கும் நடந்த கதையை நீதிபதிக்கு மூன்று நிமிடத்தில் சொன்னார். நீதிபதி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். சிஸ்டம் பாதிக் கதையிலேயே தன் ஒன்பது வரியைத் திரும்பப் படிக்கத் தொடங்கி, ஆறாவது வரியில் உறைந்துபோனார்.

“ஒரே ஒரு கேள்வி தம்பி” என்றார் டீச்சர். “அன்னைக்கு இதை எங்க உக்காந்து ஓட்டினீங்க?”

“அன்னைக்கு என் மிஷின் பழுது மேடம். தலைவர்தான் ‘என் ரூம்ல வந்து பண்ணுங்க, ஏசி இருக்கு’ன்னு கூப்பிட்டார். அவர் ஸ்கிரீன்ல ஒரு ஃபோல்டர் திறந்திருந்துச்சு. அதுலயே நிரலைப் போட்டு ஓட்டிட்டேன்.”

யாரும் உடனே தலைவரைப் பார்க்கவில்லை. தங்கைதான் முதலில் பார்த்தாள். அவர் தண்ணீர்க் கூஜாவின் மூடியைச் சரியாக மூடிக்கொண்டிருந்தார்.

*

“ரூம் சாவி வீட்டுல இருக்கு” என்றார் தலைவர் தாழ்வாரத்தில்.

“அப்ப உங்க பெல்ட்ல தொங்குறது கிலுகிலுப்பையா சார்?” என்றார் ரேடியோ.

நீதிபதி கையை நீட்டினார். தலைவர் சாவிக்கொத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அறை சின்னது, சுத்தமானது. சுவரில் சங்கத்தின் பழைய ஊர்வலப் படங்கள். சிஸ்டம் இந்த முறை கையை உயர்த்தவில்லை. பல் பிடுங்கிக்கொள்ள வந்தவரைப் போல உட்கார்ந்து என்டரைத் தொட்டார். கண்ணிமைக்கும் நேரத்தில் ஐந்து பெயரும் வந்து வரிசையாக நின்றன. நாலு, பதினொண்ணு, பத்தொன்பது, இருபத்தாறு, நாப்பது.

“ஃபோல்டரைத் திறங்க” என்றார் டீச்சர். “எழுதின தேதி பாருங்க.”

ஐந்தும் சனிக்கிழமை மதியம், நாற்பது நிமிட இடைவெளிக்குள் எழுதப்பட்டிருந்தன. கேன்டீன் பக்கத்துக் கம்ப்யூட்டரில் பெட்டியைத் திறந்து வைத்ததே திங்கட்கிழமை. டோக்கன்களை வெள்ளிக்கிழமை வினியோகித்தவர் தலைவர். ஐந்தைத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்.

“அஞ்சு பேரா மாறி எழுதியிருக்கீங்க. ஆனா அஞ்சு பேருக்கும் ‘துரதிர்ஷ்டவசமாக’ங்கற வார்த்தை பிடிச்சிருக்கு” என்றார் டீச்சர். “மிஷின்ல நிக்கறவங்க அப்படியா பேசுவாங்க? இத்தனை வருஷம் அவங்களுக்காகப் பேசினதா சுவர் முழுக்கப் படம் மாட்டியிருக்கீங்க. அவங்க குரலே உங்களுக்குத் தெரியலையே.”

தலைவர் தன் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றார்.

“மிஷினுக்கு முன்னாடி இருந்த கம்பி வலையைக் கழட்டறதுக்குக் கையெழுத்துப் போட்டது நான்” என்றார், தங்கையிடம் மட்டும். “வலை இருந்தா வேகம் வரலைன்னு மேனேஜர் சொன்னார். சங்கம் ஒத்துக்கிட்டாத்தான் கழட்ட முடியும். ஒரு மாசம்தானேன்னு போட்டுட்டேன். எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்கன்னு தெரியும். நடுவுல அஞ்சு வேற மாதிரி இருந்தா, கொஞ்சம் குழம்பும்னு நினைச்சேன். அவ்வளவுதான். பட்டியல்ல என்னோட அஞ்சு மட்டும் வந்தப்ப எனக்கே ஒண்ணும் புரியலை.”

“புரியலை. ஆனா பிடிச்சிருந்துச்சு” என்றார் டீச்சர்.

தலைவர் தங்கை பக்கம் திரும்பினார். “போனவன் போயிட்டான்மா. நான் இங்க இல்லைன்னா, இருக்கற நூறு பேருக்காக யாரு நிப்பா?”

தங்கை அவரை நேராகப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அண்ணனைத் தூக்கினப்ப உங்க தோள் வலிச்சுதுன்னு அம்மா சுக்குத் தண்ணி வச்சுக் குடுத்தாங்க. அதைக் குடிச்சுட்டுத்தான் போனீங்க. அப்பவே இந்த அஞ்சும் எழுதி முடிச்சிருந்தீங்களா, மாமா? இல்ல, அதுக்கப்புறம் எழுதினீங்களா?”

“அப்புறம்” என்றார் தலைவர்.

“சரி” என்றாள் அவள். “அதை மட்டும் தெரிஞ்சுக்கணும்னு கேட்டேன். இனிமே உங்களை மாமான்னு கூப்பிட மாட்டேன்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த அறையில் தலைவர் இருப்பதையே அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

நீதிபதி டீச்சர் பக்கம் திரும்பினார். “சரியான பட்டியல் எனக்கு எப்ப கிடைக்கும்?”

“தம்பி போடுவார்” என்றார் டீச்சர். “ஆறாவது வரி. பெட்டியோட விலாசத்தையும் பேரையும் ஜாயின் பண்ணிட்டு, அப்புறம் இஸ்ஃபைல் கேளுங்க. நான் தொட மாட்டேன். உங்க கையாலயே பண்ணுங்க. அப்பதான் ஞாபகம் இருக்கும்.”

சிஸ்டம் ஒரு விரலால் தட்டினார். இரண்டு தடவை எழுத்துப்பிழை செய்து திருத்தினார். என்டர். திரை மேலேறத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர்கள் விழுந்துகொண்டே இருந்தன. முப்பத்தெட்டு ஃபைல். ஃபோல்டர் இரண்டே இரண்டு, அவையும் பெட்டியின் உபயோகத்துக்காகக் கம்ப்யூட்டரே தானாக உண்டாக்கியவை. தலைவரின் ஐந்து போக, முப்பத்து மூன்று சாட்சியங்கள்.

“லேபருக்கு வித்தியாசம் தெரியாதுன்னு சொன்னீங்க” என்றார் டீச்சர் அவர் காதருகே. “முப்பத்து மூணு பேர்ல ஒருத்தர்கூடத் தப்பாப் போடலை. இந்த ஆலையில அது தெரியாத ஒரே ஆள் நீங்கதான். மூணு சர்ட்டிஃபிகேட்டையும் சுவருக்குப் பக்கமாத் திருப்பி மாட்டிடுங்க.”

சிஸ்டம் தங்கையைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பிரிண்டருக்குத் தாள் எடுக்கப் போனார்.

முப்பத்து மூன்று சாட்சியங்களும் கழற்றிய கம்பி வலையைப் பற்றியே சொல்வதைப் படித்துவிட்டு, மூன்று ஐம்பதுக்கு நீதிபதி மிஷினுக்கு சீல் வைக்கச் சொல்லி உத்தரவு எழுதினார். கம்பி வலையைக் கழற்றிய கடிதத்தைக் கொண்டு வரும்படி மேனேஜருக்கு ஆள் அனுப்பினார். மேனேஜர் தனக்கு அந்தக் கடிதம் ஞாபகமில்லை என்று சொல்லியனுப்பினார். முப்பத்து மூன்று பேருக்கு ஞாபகம் இருக்கிறது என்று நீதிபதி பதில் சொல்லியனுப்பினார். தலைவர் தன் அறைக்கு வெளியே பெஞ்சில், இரண்டு காவலாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஷிஃப்ட் மாறி அந்த வழியாகப் போனவர்கள் எவரும் வணக்கம் சொல்லவில்லை.

தங்கை வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி தூணோரம் நின்றிருந்தாள். அண்ணன் விழுந்த நிமிடம் மிஷினுக்கு எதிரே அட்டைக்கட்டு எடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான் என்பது ஆலைக்கே தெரியும்.

“என்ன ஆச்சு?”

“முப்பத்து மூணு பேர் எழுதியிருக்கீங்க” என்றாள் தங்கை. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. “எனக்குத் தெரியாது. நான் உங்களை எல்லாம் என்னென்னவோ நினைச்சுட்டேன்.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“அதுல நான் இல்லை” என்றாள். “டோக்கன் வாங்கினேன். பயந்துகிட்டு வீட்டுலயே வச்சுட்டேன்.”

டீச்சர் நகர்ந்து வழி விட்டார்.

தங்கை அவள் கையைப் பிடித்து நீதிபதி இருந்த அறைப்பக்கம் திருப்பினாள்.

“டோக்கன் எல்லாம் வேணாம்” என்றாள். “உள்ள போய், பாத்ததை வாயால சொல்லு. நான் இங்கயே நிக்கறேன்.”